மேல் வீட்டிலிருந்து வந்த சுருதி

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரே மாதிரி மூன்று ஸ்பீக்கர்கள் வந்து சேர்ந்தன. வைட்ஃபீல்டில் இருக்கும் என் அலுவலகம் ஒன்று கொடுத்தது. மகளின் அலுவலகம் ஒன்று கொடுத்தது. மச்சினர் தன் அலுவலகத்தில் கிடைத்ததைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். மூன்றும் கறுப்பு, மூன்றும் உருண்டை, போனில் தேடினால் மூன்றுக்கும் ஒரே பெயர். பெங்களூரில் தீபாவளிப் பரிசு வாங்குகிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசி ஒரே கடைக்குத்தான் போவார்கள் போலிருக்கிறது.

மல்லேஸ்வரத்தில் எங்களுக்கு நேர் மேல் வீட்டுக்கு ஒரு கன்னடக் குடும்பம் புதிதாகக் குடிவந்தது. கிரகப்பிரவேசத்துக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபோது மூன்றாவது ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. ஆனால் ஓடுகிறதா என்று பார்க்காமல் எதையும் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கடிகாரமானாலும் சரி, மிக்ஸியானாலும் சரி, பிரித்து, ஓட்டிப் பார்த்து, பழையபடி டேப் ஒட்டித்தான் கொடுப்போம். என் போன் சார்ஜில் இருந்ததால் மனைவியின் போனோடு இணைத்துப் பார்த்தேன். பாடியது. ஜிகினாத் தாள் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

என் மனைவி பாட்டு டீச்சர். டீச்சராக இருந்தாள் என்று சொல்ல வேண்டும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது. குரல் வரும், அவசரப்படாதீர்கள் என்றார் டாக்டர். அது வருகிற வழியாக இல்லை. பிள்ளைகளையெல்லாம் வேறு டீச்சரிடம் அனுப்பிவிட்டு, கடைசியாகப் போன பெண்ணிடம் தன் சுருதிப்பெட்டியையும் தூக்கிக் கொடுத்தாள். "எனக்கு எதுக்கு இனிமே? நீயே வெச்சுக்கோ." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சண்டை போட்டேன். அவள் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

அதற்குப் பின் வந்த இரண்டு கொலுவிலும் அவளைப் பாடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள், நாசூக்காக விட்டுவிட்டார்கள். அந்த நாசூக்குதான் அவளை அதிகம் வருத்தியது.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் சமையலறையில் ஏதோ முனகல் கேட்டது. போனில் ஒரு சுருதி ஆப்பை ஓடவிட்டு, காய் நறுக்கியபடி பாடிக்கொண்டிருந்தாள். முன்பு ஐந்து கட்டையில் பாடியவள், இப்போது சுருதியை நாலு கட்டைக்கு இறக்கியிருந்தாள். நான் செவிடன் மாதிரி தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் நிறுத்திவிடுவாள், எனக்குத் தெரியாதா?

நவராத்திரி முதல் நாள் காலை பூத் தொடுத்துக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு யாராவது கேட்டா, பாடலாம்னு இருக்கேன்."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா நீங்க கேளுங்க. இது கூடவா சொல்லித் தரணும்?"

அன்றைக்கு நடுவில் ஏதாவது தடங்கல் வந்தால் மறுபடி வாயைத் திறக்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சாயங்காலம் ஐந்தாறு பெண்கள் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு பாட்டு பாடேன்" என்றேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் போன் ஒரு முறை பக்கெட்டுக்குள் விழுந்ததிலிருந்து அதன் சொந்த ஒலி கரகரவென்றுதான் வரும். வீட்டில் ஆள் இல்லாதபோது ஒப்பேற்றிவிடலாம், சபையில் முடியாது. ஹாலில் இருந்த ஸ்பீக்கரோடு இணைக்கப் போனேன்.

பட்டியலில் ஒரே பெயர் மூன்று தடவை. முதலாவதைத் தொட்டேன், இணைக்க முடியவில்லை என்றது. இரண்டாவதும் அப்படியே. எங்களிடம் இருந்த இன்னொன்று படுக்கையறையில் இருந்தது, அதில் சார்ஜே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்றாவதைத் தொட்டதும் இணைந்துவிட்டது என்று காட்டியது. அப்பாடா! ஆப்பை ஓடவிட்டேன். சத்தமே இல்லை. ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன், முழுசாக வைத்தேன். ஹால் ஸ்பீக்கரைத் தட்டினேன், அணைத்துப் போட்டேன், கவிழ்த்துப் பார்த்தேன். பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சரி, என் போனில் இறக்கிவிடலாம் என்று ஒரு இலவச ஆப்பைப் போட்டால், சுருதிக்குப் பதிலாக, வீட்டுக் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் ஹால் ஸ்பீக்கரில் கத்தினாள். பெண்கள் சிரித்துவிட்டார்கள். மனைவியின் முகம் வாடுவதைப் பார்த்தேன். "பரவால்ல, விடுங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று எழுந்திருக்கப் போனாள். எனக்கு அழுகை வராத குறை.

எழுந்தவள் அப்படியே நின்றாள். "ஷ்ஷ்... யாரும் பேசாதீங்க."

பால்கனிப் பக்கமாக, மேலேயிருந்து, ஒரு ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. நாலு கட்டை. நான் முழுசாகக் கூட்டிவைத்த ஒலி மேல் வீட்டு ஜன்னல் வழியே இறங்கி வந்தது. அது எப்படி அங்கே போனது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது. ஆனால் அவள் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டாள்.

அம்பாள் மேல் ஒரு கீர்த்தனை. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஓரிடத்தில் குரல் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. அந்த வரியையே கீழிருந்து மறுபடி எடுத்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரம் போய்த் திரும்பினாள். என் கண் நிறைந்துவிட்டது. சொல்வதற்கென்ன வெட்கம்?

பாட்டு முடிந்தபோது வாசலில் மேல் வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றிருக்கிறாள்.

"சாரி அங்கிள். விளக்கேத்தும்போது ஸ்தோத்திரம் போடலாம்னு ஸ்பீக்கர் ஆன் பண்ணேன். போனைத் தேடறதுக்குள்ள அதுவே ம்ம்ம்னு கத்த ஆரம்பிச்சுது. பயந்துட்டேன். நீங்க குடுத்த ஸ்பீக்கர்தான், கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹால் ஸ்பீக்கரைப் பிடித்துவைத்திருந்தது என் சட்டைப்பையில் இருந்த என் போன். மதியம் அதில்தான் கிரிக்கெட் கேட்டேன். என் போன் விடாத வரை அது வேறு எந்தப் போனுக்கும் பாடாது. மனைவியின் போனுக்கு, அதற்குத் தெரிந்த மூன்றில் மிச்சமிருந்தது மேல் வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுதான். கொடுப்பதற்கு முன் அதை அந்தப் போனில் ஓட்டிப் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஓ, எங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே ஆன்ட்டி போனுக்குப் பழக்கமா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது.

என் போனில் ப்ளூடூத்தை அணைத்தேன். "இப்ப நம்ம ஹால்லயே வரும், மாத்திடட்டுமா?"

"கையை வெக்காதீங்க" என்றாள் மனைவி. மேல் வீட்டுப் பெண்ணிடம், "உனக்குத் தொந்தரவில்லன்னா அங்கேயே இருக்கட்டும்மா. உள்ள வா, மஞ்சள் குங்குமம் எடுத்துக்கோ. இன்னும் ஒண்ணு பாடறேன்" என்றாள்.

மறுநாள் காலை காபி கலந்து என் கையில் கொடுத்துவிட்டு யாருக்கோ போன் செய்தாள். கரகரவென்ற அந்தப் போனில் மறுமுனையில் பேசுவது எனக்கும் கேட்டது. கடைசியாகப் போன அந்த மாணவி. "என்ன டீச்சர், இவ்ளோ காலைல?"

"ஒண்ணுமில்லம்மா. அந்தச் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்து குடுத்துடறியா? எனக்கு வேணும்."