பெயர் ஒட்டிய பாட்டில்

முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தண்ணீரின் ருசிதான். பெங்களூரில், மர்பி டவுனை ஒட்டிய ஒரு சந்தில், வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை, வீடு வீடாக ஏறி இறங்கிக் களைத்துப்போய்ப் பச்சை வண்ணம் அடித்த ஒரு கதவின் முன் நின்றேன். அந்த வீட்டு அக்கா உள்ளே கூப்பிட்டார். நாற்காலியை முந்தானையால் ஒரு துடை துடைத்து உட்கார வைத்து, பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். சில்லென்று தொண்டையில் இறங்கியது. வெளியே சாலையோர மரத்திலிருந்து ரோஜா நிறப் பூக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. தூரத்தில் மேலே மெட்ரோ போகும் சத்தம் கேட்டு அடங்கியது. அல்சூர் ஏரிப் பக்கமிருந்து லேசாகக் காற்று வந்தது. கண் சொக்கியது எனக்கு. இந்த வீட்டுக் குழாயில் எப்பேர்ப்பட்ட தண்ணீர் வருகிறது என்று எழுதத்தான் வந்திருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்து போனது.

திருப்பத்தூரிலிருந்து என்னோடு பெங்களூருக்கு வந்தவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போனார்கள். நான் மட்டும் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடியில், காபிப்பொடிக் கடைக்கு மேலே இயங்கிய சின்ன அமைப்பு ஒன்றில் சேர்ந்தேன். நாள் முழுக்க வறுத்த காபி வாசனை. தண்ணீர், ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இதெல்லாம் மக்களின் உரிமை, கொடுப்பது தன் கடமை என்று அரசாங்கம் உலக நாடுகளுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டிருக்கிறது. அது தெருவரைக்கும் வந்து சேர்ந்ததா என்று போய்ப் பார்த்து எழுதுவதுதான் எங்கள் வேலை. அம்மா போனில், "அப்ப நீ கவர்மென்ட்டுக்கு வேல செய்றியா, இல்ல கவர்மென்ட்டுக்கு எதிரா வேல செய்றியா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்லம்மா, கவர்மென்ட்டு ஹோம்வொர்க் முடிச்சிதான்னு பாக்கிற வேல" என்றேன். "நல்ல வேலடி" என்று போனை வைத்துவிட்டார். அந்த வாக்கியத்தில் பாராட்டு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் துப்புரவு வேலைக்கு மேஸ்திரி. அடுத்தவர்கள் இடத்தைத் துடைத்துப் பிழைப்பவர் என்பதாலோ என்னவோ, தன் வீட்டில் ஒரு தூசி இருக்க விடமாட்டார். ஒற்றை அறையும் சமையல் மேடையும்தான் வீடு. அதற்குள் எல்லாம் அதனதன் இடத்தில் மினுங்கும். அந்தச் சந்துக்காரர்களைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், "அந்த ஏரியாப் பசங்களா, தள்ளி உக்காருங்க" என்று கேட்டு வளர்ந்தவர். அந்தக் கோபம்தான் ஆயுசு முழுக்க அவர் கையில் துடைப்பமாக இருந்தது என்று எனக்குத் தோன்றும். பெண்கள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. அவர் வாயைத் திறந்தால் சந்தே அடங்கும்.

"தண்ணி எப்படிக்கா வருது?" என்று அன்றைக்குக் கேட்டேன். "வரும். ஸ்வல்ப வாசன அடிக்கும், அப்பப்ப. அவ்ளோதான்" என்றார். கட்டிலில் சுருண்டு படுத்திருந்த அவருடைய மகள், பத்தாவது படிக்கிற பெண், "ஏம்மா பொய் சொல்ற?" என்று முனகினாள். கண் இரண்டும் மஞ்சள். இரண்டாவது முறையாக மஞ்சள் காமாலை. சாக்கடையை ஒட்டிப் போகும் பழைய இரும்புக் குழாய் எங்கோ ஓட்டையாகி, கழிவு நீர் கலந்துகொண்டிருந்தது. அந்தக் குழாயை மாற்றித் தந்தாலொழிய அந்தப் பெண் எழுந்து பரீட்சைக்குப் போவதாக இல்லை. அக்கா அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு என்னைப் பார்க்காமலே, "எப்படியாவது அந்தக் கொழாய மாத்த வெச்சிடு பாப்பா" என்றார். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் அமைப்பு ஒரு பொது விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. குடிநீர்த் துறை இன்ஜினியரும் வருவதாகச் சொல்லியிருந்தார். வாய்ப்பேச்சு எடுபடாது, சோதனை முடிவு வேண்டும் என்றார் எங்கள் டைரக்டர். அந்தச் சந்தில் தண்ணீர் விடிவதற்கு முன்னால், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். ஆகவே வீடுதோறும் ஒரு சோதனைப் பாட்டிலைக் கொடுத்தோம். எது யாருடையது என்று குழம்பக்கூடாதே என்று ஒவ்வொன்றின் மேலும் வீட்டுப் பெண்மணியின் பெயரையும் கதவு எண்ணையும் ஒட்டினோம். தண்ணீர் வரும்போது பிடித்து வையுங்கள், காலையில் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் எல்லா வீட்டு வாசலிலும் பாட்டில் தயாராக இருந்தது. வெளிப்பக்கம்கூடத் துடைத்து வைத்திருந்தார்கள்.

முடிவு வந்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாப் பாட்டிலும் சுத்தம். குடிக்க உகந்தது. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நமக்குப் புடிக்கலைன்னு மறைக்க முடியாது. இதையும் சேர்த்துத்தான் குடுக்கணும்" என்றார். அரசாங்கத்திடம் உண்மையைக் கேட்பவர்கள் தாங்களும் உண்மையைத்தான் வைக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் மஞ்சள் கண் என்னைத் தூங்க விடவில்லை.

விசாரணை நடந்த சமுதாயக் கூடத்தை நினைத்தால் இப்போதும் ஒரு மங்கலான வெளிச்சம்தான் முதலில் தெரிகிறது. மேலே மெதுவாகச் சுற்றும் மின்விசிறிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், மல்லிகைப்பூ வாசனை. சந்துப் பெண்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி நல்ல புடவை கட்டி வந்திருந்தார்கள். இன்ஜினியர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் அறிக்கையைப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து, "நீவே மாடித ரிப்போர்ட்டு. நீரு சென்னாகிதே அந்த இதெ" என்றார். நீங்களே எடுத்த அறிக்கை தண்ணீர் நன்றாக இருக்கிறது என்கிறதே, பிறகு நான் எதற்குக் குழாயை மாற்ற வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. டைரக்டர் தன் கையிலிருந்த பிரதியை மூடி வைத்தார். நீதிபதி அடுத்த தெருவின் ஃபைலை எடுக்கக் கையை நீட்டினார்.

அப்போது அக்கா எழுந்தார். கன்னடம் தாய்மொழி போலப் பேசக்கூடியவர், அன்றைக்குத் தமிழில்தான் பேசினார். "சார், அது கொழாத் தண்ணி இல்ல. கேன் தண்ணி. கடையில வாங்குனது. நான்தான் ஊத்துனேன்."

ஏன் என்று நீதிபதி கேட்டார். நான் கன்னடத்தில் மொழிபெயர்க்க எழுந்தேன்.

"பாட்டில் மேல எம்பேர ஒட்டி இருந்தாங்க சார். எம்பேர் போட்டு நாத்தத் தண்ணி எங்கயோ போவும், நாலு பேரு மோந்து பாப்பாங்கன்னா மனசு வரல. வூட்டுக்கு வந்தவங்களுக்கே அந்தத் தண்ணிய நான் குடுக்கறதில்ல." நிறுத்தினார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "எங்க வூட்டுத் தண்ணி நாறுது சார். கக்கூஸ் தண்ணி கலந்து வருது. அதக் குடிச்சுதான் எம்பொண்ணு படுத்துகினு கீறா."

பக்கத்தில் இருந்த எதிர்வீட்டு அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மாவின் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உக்காருடி. எல்லார் மானத்தயும் கப்பலேத்தாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது. மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். மற்ற வீட்டுப் பாட்டில்களும் இப்படித்தானா என்று இன்ஜினியர் கேட்டார். நான் அந்த முகங்களைப் பார்த்தேன். அத்தனை பேரும், ஒருவருக்கொருவர் சொல்லாமலே, அதே கேன் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார்கள் என்று அந்த நொடியில் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும். "மத்த வூட்டப் பத்தி எனக்குத் தெரியாது சார். எங்க வூட்டுக்கு நான் சொல்றேன்" என்றார். யாரும் எழவில்லை. அவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

இன்ஜினியர் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்து தண்ணீர் விட்ட அன்று, இருட்டு பிரியும் முன்பே அவரே ஒரு ஆளோடு சந்துக்கு வந்து குழாயில் பிடித்துப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை; அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. மழைக்கு முன்னால் புதுக் குழாய் போட்டுவிட்டார்கள். பெண்ணும் தேறி, துணைத் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணினாள். சந்துக்கே நல்ல தண்ணீர் வந்தது, ஆனால் அக்கா வீட்டுக்கு மட்டும் நாத்தத் தண்ணி வீடு என்ற பெயர் நின்றுவிட்டது. எதிர்வீட்டு அம்மா பேச்சை நிறுத்தினார். சங்கத்துக்கு வேறு தலைவி வந்தார். "போவட்டும் பாப்பா, பேஜாரு விட்டுச்சு" என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்ல தண்ணீர் வரும் வீடு என்று ஆனபிறகு வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். அக்கா சாமான்களை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு அந்த அமைப்பும் நிதி நின்று மூடிவிட்டது. எனக்குக் கல்யாணமாகி, ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, நகரத்தின் ஓரத்தில் சந்தாபுரா பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் வீடு வாங்கி வந்துவிட்டோம். போன மாதம், ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில், ஒரு குரல் கொத்தமல்லிக்காரரை அதட்டிக்கொண்டிருந்தது. திரும்பினால் அக்கா. கொஞ்சம் நரை, மற்றபடி அதே நிமிர்வு. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நின்றோம். வெயிலும் புதினா வாசனையும் சேர்ந்து, நடுவில் கழிந்த வருடங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை.

"இங்க லாரித் தண்ணிதான் பாப்பா. அதுவும் கலங்கலு. பொம்பளைங்கள சேத்துகினு இருக்கறேன். நீங்க எப்ப வந்து எழுதப்போறீங்க?" என்றார். ஆபீஸ் மூடிவிட்டதைச் சொன்னேன். கொத்தமல்லிக்காரரிடம் காசை எண்ணிக் கொடுத்தார். "சரி வுடு. கன்னடத்துல ஒரு மனு மட்டும் எழுதிக் குடு. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றவர், பையில் கொத்தமல்லியை அடுக்கியபடியே, "ஆமா, உங்க அபார்ட்மென்ட்டுல தண்ணி எப்படி?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குதுக்கா" என்றேன்.

யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. எங்கள் குழாயில் வாரத்தில் பாதி நாள் மஞ்சளாகத்தான் வருகிறது. என் மகனுக்கு வயிறு சரியாகி இன்னும் முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை. விற்கிறபோது வீட்டின் விலை இறங்கிவிடும் என்று, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை, நானும் எடுத்ததில்லை.

அக்கா கொத்தமல்லியை அடுக்குவதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துச் செயலாளர் ஒரு கை தூரத்தில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

"இல்லக்கா. எங்க வீட்டுத் தண்ணியும் நாறுது" என்றேன், செயலாளருக்கும் கேட்கும்படி.