மீடியத்தின் முதுகு

எங்கள் கம்பெனிச் சட்டையில் இடது தோள் கொஞ்சம் இறங்கி உட்காருகிறது என்று கடைகளிலிருந்து புகார் வரும். வராமல் என்ன செய்யும்? புது மாதிரி எது தைத்தாலும் முதலில் போட்டுப் பார்ப்பது கட்டிங் பிரிவில் இருந்த ஒருவனின் உடம்பில்தான். அவனுக்கு இடது தோள் கொஞ்சம் சரிவு. மற்றபடி மீடியம் சைஸுக்கு அச்சில் வார்த்த மாதிரி இருப்பான். அதனால் அவன் பெயரே மீடியம் என்று ஆகிப்போனது.

நான் தேய்ப்புப் பிரிவை மேய்க்கிறவள். அவனைவிட மூத்தவள் என்பதால் அக்கா. சட்டையில் ஊசி குத்திச் சரிபார்க்கும்போது அவன் அசையாமல் நிற்பான், ஆனால் வாய் மட்டும் நிற்காது. "பார்த்துக் குத்துக்கா, நான் மெத்தை இல்ல" என்பான். "மெத்தையாவது வாயை மூடிட்டு இருக்கும்டா" என்பேன்.

ஒருமுறை காய்ச்சலில் சுருண்டு விழுந்தவனை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மாடியில் இரண்டு அறை. கட்டிங்கில் மிஞ்சிய கோட்டுத்துணி, கட்டத்துணி எல்லாம் ஒட்டுப்போட்டுத் திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனோடு குடியிருப்பவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவர், தன் கண்ணாடிக் காலை நூல் போட்டுக் கட்டியிருந்தார். நான் ஒருத்தி நிற்பதே அவர் கண்ணில் படவில்லை. தரையில் உட்கார்ந்து மீடியத்தின் காலுறையைக் கழற்றினார், பாதத்தை இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடு பார்த்தார். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கீழ்வீட்டு அம்மாவுக்கும் தெருவுக்கும் அவர் அவனுடைய அத்தை பையன். அந்த ஒரு பொய்யை நம்பித்தான் அந்த வீடு அவர்களுக்கு வருஷக்கணக்காக வீடாக இருந்தது.

எங்கள் முதலாளிக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. உலகம் மாறிவிட்டதாம், நாமும் மாற வேண்டுமாம். ஆணும் பெண்ணும் சிரிக்கிற விளம்பரம் யாருக்கு வேண்டும், இரண்டு ஆண்களை ஜோடியாகப் போடுவோம் என்றார். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஜாதி அவர். படம் எடுக்கிற அன்றைக்கு இரண்டு மாடல்களில் ஒருவன் வரவில்லை. சட்டை மீடியத்தின் அளவுக்கு வெட்டியது. வேறு யாருக்கும் பொருந்தவில்லை. "முதுகு மட்டும்தான் தெரியும், முகம் வராது" என்று சத்தியம் செய்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அந்த மாடலின் தோளில் முகத்தைச் சாய்த்து, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றான். வழக்கமாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படத்தில் சட்டைத் தோளை நிமிர்த்துகிற பையனிடம், "விடுப்பா, இயல்பா இருக்கட்டும்" என்று முதலாளியே சொன்னார்.

படம் பஸ் நிறுத்தங்களில் ஏறியது. அடுத்த வாரமே கடை வாசலில் கூட்டம். சட்டைகளைக் கொளுத்தினார்கள், கண்ணாடியை உடைத்தார்கள், விற்பனையில் நின்ற பெண்ணின் முகத்தில் துப்பினார்கள். அவள் என்ன பாவம் செய்தாள்? அந்த மாடல், பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டான். கூட்டம் அடுத்து "இன்னொருத்தன் யாரு?" என்று தேட ஆரம்பித்தது.

முகம் தெரியாதுதான். ஆனால் தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகிறவனை ஒரு தெரு எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்? முதுகைத்தானே. இடது தோள் இறங்கின அந்த நடை அவர்களுக்குத் தெரியாதா? தெருக்காரர்களின் போன் குழுவில் படத்தைப் போட்டு, இது நம்ம மாடி வீட்டுப் பையன், அங்கே இரண்டு ஆம்பளைங்க இருக்காங்க என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் மாடி ஜன்னலில் கல் விழுந்தது. கீழ்வீட்டு அம்மா கெட்டவள் இல்லை. "எனக்கு வயசாச்சுப்பா. ஒரு விளக்கம் சொல்லு, இல்லன்னா காலி பண்ணிடு" என்றாள்.

முதலாளியிடம் போனால் அவர் கைகழுவத் தயாராக இருந்தார். "ஒரு வீடியோ குடு. எல்லாம் அடங்கிடும். வேலையும் இருக்கும், வீடும் இருக்கும்" என்றார்.

அன்று அவன் சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவனிடம், "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுடா" என்றேன்.

"வேற வீடு யாருக்கா குடுப்பாங்க, எங்க ரெண்டு பேருக்கும்? இந்த வீடு போச்சுன்னா ஆளுக்கொரு மூலை. அதுக்குத்தான் இதைச் செய்யறேன்."

விளம்பரப் பிரிவு ஆள் எழுதிக்கொடுத்ததைக் கேமராவுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓடவிட்டார்கள். அவன் பயத்தில் எழுத்தையே பார்த்துப் படித்தான். "நான் நடித்தேன், அவ்வளவுதான். எனக்குப் பெண் பார்க்கிறார்கள். என்னோடு தங்கியிருப்பவர் எனக்குச் சொந்தமும் இல்லை, நண்பரும் இல்லை. வாடகையைப் பங்கு போட வந்த ஆள்."

சொல்லி முடித்ததும் அவன் முகம் செத்துவிட்டது. அத்தை பையன் கதை, எழுதினவனுக்கு எப்படித் தெரியும்?

"சார், இன்னொரு தடவை எடுக்கலாமா? கடைசியில ஒரு தப்பு."

"எதுக்கு? பிரமாதமா வந்திருக்கு" என்றான் விளம்பரப் பிரிவு ஆள். அவன் சட்டை மாற்றி நாங்கள் வெளியே வருவதற்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றான். நானும் கூடப் போனேன். சாயங்காலம். தெருவில் வாசலுக்கு வாசல் ஆள் நின்றார்கள். கண்ணாடிக்காரர் எங்களுக்கு முன்பே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டு அம்மா கையில் போன் இருந்தது.

"பார்த்தேன்பா. நல்லா சொன்னே. தெருவும் நம்பிடுச்சு" என்றாள். "ஆனா ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு சொல்ற ஆளை எதுக்கு வீட்ல வச்சிருக்கே? அத்தை பையன்னு தானே என்கிட்ட சொன்னே?"

"அத்தை பையன்தாம்மா. அது அவங்க எழுதிக் குடுத்தது..."

"அப்ப வீடியோ பொய்யா? அதுல ஒண்ணு பொய்யின்னா மத்ததும் பொய்தானே?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "எது நிஜம்னு நீயே சொல்லு. வாசல்ல நிக்கிறவங்களும் கேட்கட்டும்."

மீடியம் வாயைத் திறந்தான். எந்தக் கேள்விக்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன். படியில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அந்த அம்மாவை, முதலாளியை, வாசலில் நின்ற அத்தனை பேரையும் அறைய வேண்டும் போல இருந்தது.

கண்ணாடிக்காரர் எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தெருவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வீடியோல சொன்னதுதாம்மா நிஜம். வாடகை குறையுமேன்னு நான்தான் சொந்தம்னு சொல்லச் சொன்னேன். தப்பு என் மேல. அந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. நான் இப்பவே கிளம்பிடறேன்."

தம்பி என்றார். ஒரு தடவைகூட அவனை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மேலே போய் ஒரு பெட்டியோடு இறங்கினார். கனமான பெட்டி. படியில் ஒரு முறை தடுமாறினார். மீடியத்தின் கை முன்னால் நீண்டது. அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார், தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

அவர் தெருமுனை திரும்பும்வரை மீடியம் வாடகைக்கு வந்த ஆள் போவதைப் பார்க்கிறவன் மாதிரியே நின்றான். அப்புறம் கீழ்வீட்டு அம்மா அவனிடம், "நீ இருந்துக்கப்பா, உன்னை யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றாள்.