கண்ணுசாமி மிதித்த பிரேக்

மயிலாடுதுறையில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் மலர்க்கொடியிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அவளுக்குப் பயந்து வேறு இடத்தில் கற்றுக்கொண்டவர்கள். நாற்பத்திரண்டு வயது, ஒரே ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் தலையில் சிவப்பெழுத்துப் பலகை. இவ்வளவுதான் அவளுடைய டிரைவிங் ஸ்கூல். காலை ஏழரையிலிருந்து இருட்டும்வரை யாருடைய பயத்துக்காவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவள் பிழைப்பு.

பயந்தவர்களிடம் உண்மை பேசுவது அவளுக்குப் பிடிக்காது. கை தேறிவிட்டது, மனசுதான் இன்னும் தேறவில்லை என்று தெரிந்தால், "என் கால் பிரேக்குலதான் இருக்கு, நீ பாட்டுக்கு ஓட்டு" என்பாள். காலோ செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். லைசென்ஸ் வாங்கிய பிறகு இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்டவர்களுக்கு அப்புறம்தான் கை நடுங்கும்.

இப்பேர்ப்பட்டவளிடம் வசமாக மாட்டியவர் அவள் அக்கா அம்சத்தின் புருஷன் கண்ணுசாமி. குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர். அப்பன் காலம்வரை அடுத்தவர் வயலில் இறங்கிய குடும்பம். இவர் மூன்று ஏக்கர் வாங்கினார், பிறகு அறுப்பு மிஷினும் வாங்கினார். பெல்ட் மிஷின், முழங்கால் சேற்றிலும் போகும். அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவருக்கு ராஜா நினைப்பு. மீசையும் அதற்குத் தகுந்த மீசைதான்.

அந்த மீசையின் ரகசியம் மலர்க்கொடிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை தன் பெண்டாட்டியையும் பதினாலு வயசுக் கொழுந்தியாளையும் மாயவரம் கடைமுகத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனார். அம்சம் வளையல் கடையில் நின்றபோது, இவர் கொழுந்தியாளோடு ராட்டினத்தில் ஏறினார். தொட்டில் அரைச் சுற்று போவதற்குள் "நிறுத்துடா" என்று அலறி, பாதியிலேயே குதித்து, பட்டு வேட்டி கொக்கியில் மாட்டிக் கிழிந்து, ஒரு பஞ்சுமிட்டாய்க்காரர் மேல் போய் விழுந்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினார். அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு எது வேண்டுமானாலும் மாமா எதிரில் நின்று ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒரு சுற்று சுற்றுவாள், அவ்வளவுதான். அவள் முதல் சைக்கிள் அப்படி வந்தது.

இருபத்தெட்டு வருஷம் இப்படி நன்றாகத்தான் போயிற்று. வினை அவர் பெற்ற மகள் ரூபத்தில் வந்தது. கயல்விழி மெக்கானிக்கல் படித்தாள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தீம் பார்க்கில் வேலை. ஆளை அந்தரத்தில் தலைகீழாகத் தூக்கிப்போகும் ரோலர் கோஸ்டரை அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைக்கு அது ஓடும். ஊரில் யாராவது கேட்டால் கண்ணுசாமி, "கம்பெனியில இருக்கா" என்பதோடு வாயை மூடிக்கொள்வார். நாலு வருஷத்தில் நாலு தடவை, வேலை செய்பவர்களின் வீட்டாரைக் கூப்பிடும் குடும்ப நாளுக்கு அழைப்பு வந்தது. நாலு தடவையும் மிஷினுக்கு பெல்ட் போயிற்று.

பொங்கலுக்கு வந்த கயல்விழி, சித்தியின் காரில் உட்கார்ந்து அழுதாள்.

"அப்பாவுக்கு வெக்கம் சித்தி. இஞ்சினீயருக்குப் படிக்க வச்சா, பொண்ணு ராட்டினம் சுத்தப் போயிட்டாளேன்னு வெக்கம். வேற வேல பாத்துக்கலாமான்னு இருக்கு."

மலர்க்கொடிக்கு வாய் வரை வந்துவிட்டது. சத்தியம் தடுத்தது. நேரே மாமாவிடம் போனாள். "பயம்னு சொல்லிடுங்க மாமா, புள்ள அழுவுது" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவ என்னைய வெக்கப்படுறவன்னு வேணா நெனச்சுக்கட்டும், பயந்தாங்கொள்ளின்னு நெனைக்கக் கூடாது" என்றார். மலர்க்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் மனசு உடைந்தாலும் மீசை மடங்கக் கூடாதாம்! வருகிற மே மாதக் குடும்ப நாளில் இந்த மனுஷனை ரோலர் கோஸ்டரில் உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டினாள்.

அறுப்பெல்லாம் முடிந்து, ஆற்றில் தண்ணீர் வர ஒரு மாதம் இருக்கும்போது பயிற்சி தொடங்கியது. உயரம்தான் பயம் என்று நினைத்து, முதலில் ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஏறச் சொன்னாள். அவர் விறுவிறுவென்று ஏறி, மேலே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு, யார் வீட்டு ஓட்டில் விரிசல் என்று கீழே சேதி சொன்னார். தென்னை மரத்தில் ஏறி இளநீர் வெட்டிப் போட்டார். உயரம் இல்லையென்றால் வேறென்ன? அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் பெல்ட் வாங்க அவரைத் தன் காரில் கூட்டிப்போனபோது விடை கிடைத்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர், எதிரே சைக்கிள் வந்தாலும் ஆடு வந்தாலும் வலது காலால் ஓங்கி மிதித்தார். அது டிரைவிங் ஸ்கூல் கார், கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கார் ஒவ்வொரு தடவையும் குலுங்கி நின்றது. பஸ்ஸிலும் இவர் உட்காரவே மாட்டார், டிரைவர் முதுகுக்குப் பின்னால் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. தன் கையில் இல்லாத எந்த வண்டியையும் இந்த மனுஷன் நம்பியதில்லை. கடைத்தெருவில் காரை ஓரம் கட்டிவிட்டு, அவள் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு, முதல் மாணவி வருவதற்கு முன்னால், மாமாவை ஏற்றிக்கொண்டு தரங்கம்பாடி ரோட்டில் போனாள். கிளம்பும் முன் இடது பக்கப் பெடலின் கம்பியைக் கோத்திருக்கும் சின்ன ஊசியை உருவி இடுப்பில் செருகிக்கொள்வாள். அதற்கப்புறம் அது வெறும் தகரம். திரும்பி வந்ததும் ஞாபகமாக மாட்டிவிடுவாள்.

"உங்க பக்கம் பிரேக் இருக்குல்ல மாமா, அப்பறம் என்ன? எப்ப வேணா மிதிங்க" என்றாள்.

மிதித்தார். அவர் மிதிக்கும் நேரம் பார்த்து இவள் தன் பிரேக்கை லேசாகத் தொடுவாள். நாளாக ஆக, தொடுவதைக் குறைத்தாள். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. செம்பனார்கோயில் தாண்டி ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தபோது கார் சரியாக நின்றது. ஊர் டீக்கடையில் கண்ணுசாமி அதை மூன்று நாள் பேசினார். "கொழுந்தியா ஊருக்கே வண்டி கத்துக்குடுக்குறா. நான் இல்லன்னா அன்னிக்கி ஆடும் இல்ல, அவளும் இல்ல."

பத்தாம் நாள் தரங்கம்பாடிக் கோட்டைக்கு எதிரே காரை நிறுத்தி, உள்ளங்கையில் ஊசியை வைத்து நீட்டினாள்.

"என்ன இது?"

"உங்க பிரேக்கு. பத்து நாளா என் இடுப்புலதான் இருக்கு."

அவர் குனிந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். அது தொளதொளவென்று ஆடியது.

"அப்ப அந்த ஆடு?"

"நான் நிறுத்துனேன்."

"ஆக்கூர்ல லாரி வந்துச்சே?"

"அதுவும் நாந்தான். பத்து நாளும் நீங்க சும்மாதான் உக்காந்திருந்தீங்க மாமா. ஒண்ணும் ஆவல பாத்தீங்களா?"

கண்ணுசாமிக்கு முகம் சிவந்து மீசை துடித்தது. "உங்கப்பன் உன்னைய வளத்தானா, இல்ல அவுத்து விட்டானா?" என்று கேட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்தி, நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறினார். மலர்க்கொடி பின்னாலேயே காரில் போனாள். அவளுக்கும் உள்ளூரக் கலக்கம்தான், ஒரேயடியாக முறித்துக்கொண்டுவிட்டால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? ஆக்கூர் நிறுத்தத்தில் பஸ்ஸை ஒட்டிப்போய் எட்டிப் பார்த்தாள். கோபத்தில் அவர் டிரைவருக்குப் பின்னால் நிற்க மறந்திருந்தார். ஜன்னல் ஓர சீட்டில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அம்சத்தின் போனிலிருந்து கூப்பிட்டு, "ரயிலு எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

குடும்ப நாளன்று பார்க்கின் கதவு திறக்கும் முன்பே வேலை செய்பவர்களின் குடும்பங்களை உள்ளே விட்டார்கள். கயல்விழி நீலச் சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக வந்தாள். பின்னால் அந்த இரும்புப் பாதை வானத்தில் முறுக்கிக்கொண்டு நின்றது. கண்ணுசாமி அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார், அப்புறம் தரையைத்தான் பார்த்தார். பத்து நாள் பயிற்சியும் அந்த ஒரு பார்வையில் கரைந்துபோனது மலர்க்கொடிக்குத் தெரிந்தது.

"வந்ததே போதும்ப்பா" என்றாள் கயல்விழி. "இந்த வேல உங்களுக்கு வெக்கமா இருக்குன்னு எனக்குத் தெரியும்."

கண்ணுசாமி கொழுந்தியாளைப் பார்த்தார். அவள் விரலைச் சுற்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் பிரேக்கை அவர்தான் மிதிக்க வேண்டும், அல்லது விட வேண்டும்.

"வெக்கமில்லம்மா" என்றார். "பயம். இதப் பாத்தாலே எனக்குக் கொலப்பயம். உங்க சித்தியக் கேளு, மாயவரத்துல வேட்டியே கிழிஞ்சுது."

அம்சம் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷமாக முள்வேலியில் கிழிந்ததாக நம்பிய வேட்டி அது. கயல்விழி சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத நாலு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா? நீங்க ஏறவே வேணாம். இங்கயே உக்காருங்க, நான் போயிட்டு வந்துர்றேன்."

"நீ எங்க போற?"

"மொத ரவுண்டு நான்தான்ப்பா போவணும். யாரு சரி பாத்துக் கையெழுத்துப் போட்டாங்களோ, அவங்கதான் மொதல்ல ஏறணும்."

"இன்னிக்கி மட்டுமா?"

"தெனமும். நாலு வருஷமா."

கண்ணுசாமி செருப்பைக் கழற்றினார். கண்ணாடியையும் துண்டையும் மலர்க்கொடியின் கையில் திணித்தார். மகளுக்குப் பின்னாலேயே போய், முதல் வரிசையில் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். இரும்புத் தண்டு வந்து நெஞ்சில் அழுந்தியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மலர்க்கொடி போனை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். இனி வேட்டிக் கதை செல்லாது, மிச்ச ஆயுசுக்குப் புதிதாக ஒரு பிடி வேண்டும். மாமா தன்னை என்னென்ன வார்த்தையால் திட்டப்போகிறார் என்று ஆசையாகக் காத்திருந்தாள். வண்டி கடகடவென்று உச்சிக்கு ஏறி, ஒரு நொடி நின்று, அப்படியே கீழே பாய்ந்தது. பார்க் முழுக்கக் கேட்கும்படி கண்ணுசாமி அலறினார்.

"கயலு! கெட்டியாப் புடிச்சுக்கடி! அப்பா இருக்கேன், பயப்படாத!"

அம்சம் தங்கையின் தோளில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். மலர்க்கொடி போனை நீட்டியபடியே நின்றாள். வீடியோ பட்டனை அமுக்க மறந்துபோயிருந்தாள்.