செதில் உள்ள மீன்

இன்று காலை புத்தளம் மீன்சந்தையில் விளைமீன் வாங்கினேன். செதில் சுரண்டித் தந்தவன் அவசரக்காரன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் மணிக்கட்டில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டினால் போகவில்லை. உடனே ஹலீமா ராத்தாவின் ஞாபகம் வந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமும். வெட்கத்துக்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள்.

யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். பெரிய பட்டத்தை உடம்பில் கட்டிக்கொண்டு கற்பிட்டிக் கடலில் சறுக்க வெளிநாட்டார் வரத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்து ஊரான எத்தாளைக்காரர் நாங்கள் அந்தக் காற்றைத் திட்டித் திட்டியே வளர்ந்தவர்கள். அதைத் தேடிக்கொண்டு விமானம் ஏறி வருவார்கள் என்று யார் கண்டது? ஓலைக் கொட்டில்கள் போட்ட ஒரு விடுதியில் எனக்கு வேலை. பாஸ்போர்ட்டை வாங்கிப் புத்தகத்தில் பதிவதுதான் என் உத்தியோகம்.

சமையல் ஹலீமா ராத்தா. ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படகில் இதே கரையில் வந்து இறங்கியவர். இருபது வருடத்துக்கு மேல் இங்கேயே சமைத்துப் போட்டும் எங்கள் ஊருக்கு அவர் 'அகதி ராத்தா'தான். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். நாக்குக்கு எலும்பா இருக்கிறது?

ஒரு புதன்கிழமை எலியாஸ் என்றொரு மனிதர் வந்தார். ஐம்பது வயது, எங்களைவிட ஒரு பிடி கறுப்பு. பாஸ்போர்ட் இஸ்ரேல். தாயும் தகப்பனும் கொச்சியிலிருந்து அங்கே போன யூதர்களாம், வீட்டில் மலையாளம்தான் பேச்சாம். எனக்குச் சொன்னார், நான் புத்தகத்தில் எழுதினேன், புத்தகத்தை மூடினேன். வேறு யாருக்கும் மூச்சு விடவில்லை.

அன்றைக்கு ராத்தா செதில் இல்லாத திருக்கை மீனை உதிர்த்து வறை வைத்திருந்தார். அந்த வறைக்காகவே மறுபடியும் வருகிறவர்கள் உண்டு. இந்த மனிதர் தொடவில்லை. இறால் வேண்டாம், நண்டு வேண்டாம், செதில் உள்ள மீன் மட்டும் போதும், அதையும் புதுச் சட்டியில் சமைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பன்றி தொடவே மாட்டாராம். பாண் சாப்பிடுமுன் குவளையால் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினார், சின்னத் தொப்பி ஒன்றை எடுத்துப் போட்டார், வாய்க்குள் ஏதோ ஓதினார்.

ராத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு தீனான முஸ்லிமா என்று என்னிடம் வந்து நின்றார். எலியாஸ் அவர் காதில் இல்யாஸ் என்றே விழுந்திருந்தது; எங்கள் ஊரிலேயே மூன்று இல்யாஸ் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவனாவது இப்படி இருக்கிறானா என்று கேட்டார். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதி குறும்பு. மீதிப் பாதி, உண்மை தெரிந்தால் ராத்தா அகப்பையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற பயம். இரண்டு நாள் நான் தனியே சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாலை பொழுது இறங்குமுன் சாப்பாடு வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். முழு விளைமீன் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். காலையிலேயே ராத்தா வெள்ளைச் சாரம் ஒன்றை ஸ்திரிக்கை போட்டு அவர் கதிரையில் வைத்துவிட்டார், ஜும்ஆவுக்குப் போக. மனிதர் அதைப் பரிசென்று நினைத்துச் சந்தோஷமாக உடுத்திக்கொண்டு, தேத்தண்ணி கேட்டுக் குசினி வாசலில் வந்து நின்றார்.

"பள்ளிக்குப் போகல்லயா நானா?" என்றார் ராத்தா.

அவர் சாரத்தைப் பார்த்தார், ராத்தாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை. தான் யஹூதன் என்று மலையாளத்தில் மெல்லச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு ராத்தாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. ஒருவரும் இறக்கவில்லை. மீன் பாத்திரத்தில் கிடந்தது.

"அங்க ஊட்ட விட்டு விரட்டின சனத்த நினச்சா என்ட வயிறு எரியுது நானா. நானும் அப்படி வந்தவதான். சொல்லாம இருக்க ஏலாது."

அவர் தலையாட்டினார். தனக்கும் அது பொறுக்கவில்லை என்றார். பிறகு, கேட்காமலே, தன் கதையைச் சொன்னார். அங்கே அவர் இன்றைக்கும் 'அந்த இந்தியன்'. கொச்சிக்குப் போனபோதோ, தாய் தொழுத ஆலயத்துக்குள் போக வெளிநாட்டார் டிக்கெட் வாங்கச் சொன்னார்களாம்.

ராத்தா சிரித்துவிட்டார். அவர் மன்னாருக்குப் போய்த் தன் வீட்டு வாசலில் நின்றபோது, யாரைப் பார்க்க வந்தீங்கள் என்று கேட்டார்களாம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் நைசாக நழுவப் பார்த்தேன்.

"தம்பி, நில்லு. நான் சமைக்க மாட்டன் எண்டு நினச்சியா? பசிச்சு வந்த மனிசன்ட பிளேட்டில நான் ஊர்ச் சண்டய வைப்பனா?"

தண்டனையாக அந்த விளைமீனை நானே சுரண்டினேன். முழங்கை வரை செதில். பொழுது இறங்குமுன் புதுச் சட்டியில் மீன் பொரிந்தது. பொழுது இறங்கினால் தொடங்குகிற தங்கள் ஓய்வுநாளுக்காக அவர் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார். கரண்ட் இருக்கும்போது இதென்ன வீண் செலவு என்று ராத்தா முணுமுணுத்துக்கொண்டே காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டார்.

அந்த விடுதி இப்போது இல்லை. ராத்தா மன்னாருக்கே திரும்பிவிட்டார். அங்கே அவருக்குப் பெயர் 'புத்தளத்து ராத்தா'. நான் சொந்தமாக நாலு அறை கட்டியிருக்கிறேன். போன கிழமை ஓர் ஆணும் பெண்ணும் வெயிலில் வந்து படலையைத் தட்டினார்கள். அதே நாட்டுப் பாஸ்போர்ட். போனைத் திறந்தால் குண்டு விழுந்த வீடுகளும் பிள்ளைகளின் மையித்துகளும் வருகிற காலம். எனக்கும் நெஞ்சு கொதிக்கிறதுதான். ஆனால் உண்மையைச் சொன்னால், நான் யோசித்தது ஊர் என்ன கதைக்கும் என்றுதான். அறை இல்லை என்றேன். நாலும் காலி.

இன்று மணிக்கட்டுச் செதிலைக் கழுவிவிட்டு ராத்தாவுக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன்.

"சாப்பாடாச்சும் குடுத்துத்தானே அனுப்பின?"

"ஓம் ராத்தா" என்றேன்.

முந்தியெல்லாம் ராத்தாவிடம் பொய் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.