ஜாம் பாட்டிலில் நான் ஊற்றியது

என் மனைவி தொடாத ஊறுகாயைத் தொட்டதாக எல்லாரும் நம்பினார்கள். நான் அதை நம்பவிட்டேன். அவள் உடம்பைக் கெடுத்த உப்பை அவள் தட்டில் ஊற்றியவன் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் மற்றதை எல்லாம் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

எங்கள் வீடு சித்தூரில். நான் மிஷன் பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சபையின் செயலராகவும் இருந்தேன். மனைவி கிருபா அதே சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவள்.

முதல் அறிகுறி மோதிரம். ஒரு காலையில் அது அவள் விரலைவிட்டு வரவில்லை. மாலையில் செருப்பு வார் அழுந்திய தடம் பாதத்தில் குழியாக நின்றது. திருப்பதி மருத்துவமனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தங்கிவிடும் கழிவு) பார்த்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் பாதிக்கும் குறைவாகவே வேலை செய்தன. உப்பைக் கண்டிப்பாகக் குறைத்தால் டயாலிசிஸை (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தள்ளிப்போடலாம் என்றார்கள்.

உணவு ஆலோசகர் ஒரு இளம்பெண். அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"உப்பு இல்லன்னா சோறு எறங்காது சார், எனக்கும் தெரியும். அம்மாவுக்குச் சொன்ன அளவுல பச்சைக் காய் குடுங்க. மேல டிரெஸ்ஸிங், அதான் சாலட் மேல ஊத்தற புளிப்புக் கலவை, அத ஊத்துங்க, புளிப்பும் காரமும் சேர்ந்தா உப்பு இல்லாதது தெரியாது. ஆனா வீட்லயே பண்ணுங்க. கடை பாட்டில் வாணாம். அதுல புளிப்புக்குள்ள உப்பு ஒளிஞ்சிக்கினு இருக்கும்."

செய்முறையையும் அவளே எழுதித் தந்தாள். மூன்று பங்கு நல்லெண்ணெய், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு. வினிகரில் ஊறவைத்து அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி. எண்ணெயும் சாறும் பிரியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். நசுக்கிய பூண்டு, வறுத்த சீரகப்பொடி, மிளகு. மூடியுள்ள பாட்டிலில் போட்டு, கலங்கித் தடிக்கும்வரை குலுக்க வேண்டும். உப்பு கிடையாது. இதைப் படிக்கும் நோயாளிகள், காயையும் புளிப்பையும் தங்கள் மருத்துவரிடம் கேட்டு அளவாக்கிக்கொள்ளுங்கள். எல்லார் உடம்பும் ஒன்றல்ல.

கிருபாவால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு பழைய ஜாம் பாட்டிலைக் கழுவி வைத்தேன்.

"அடுப்பங்கரைக்கு வழி தெரிஞ்சிடுச்சா ஹெட்மாஸ்டருக்கு?" என்று சிரித்தாள்.

எனக்கு அது வரவில்லை. சீரகம் கருகியது. கடுகு கசந்தது. எண்ணெய் மேலே மிதந்தது. அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்துவாள். "நல்லாத்தான் கீது. ஆனா இதை மாடு கூட மோந்து பார்த்துட்டுப் போயிடும்."

எனக்குக் கோபம் வந்தது. அலுப்பும்தான். ஒருநாள் பஜார் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ஒரு டிரெஸ்ஸிங் பாட்டிலை எடுத்தேன். லேபிளைப் படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படித்தேன். உப்பு என்று அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து ஜாம் பாட்டிலில் ஊற்றினேன். வீட்டில் செய்தது போலத் தெரிய மேலே கொஞ்சம் மிளகைத் தூவினேன்.

அன்று அவள் தட்டைக் காலி செய்தாள். "இன்னிக்கி என்ன பண்ணீங்க? சூப்பரா வந்துகீது."

"கை பழகிடுச்சு" என்றேன்.

அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது. ஐந்து வாரம் அப்படியே போனது. காலி பாட்டில்களைச் சபை அலுவலகத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

ஆறாவது வாரம் அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. திருப்பதியில் சேர்த்தோம். சத்தியவேட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஜெசி விடுப்பு போட்டு வந்தாள். பெரிய டாக்டர் படுக்கை அருகே நின்று கேட்டார்.

"ஏமம்மா, ஆவக்காய் ஊறுகா துன்னீங்களா? நிஜம் சொல்லுங்க."

"இல்ல டாக்டர்."

"அப்போ இவ்ளோ உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"துன்னல டாக்டர். தெரியல எனக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், வெளியில வாங்கினது ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

ஜெசிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஊறுகா ஜாடி பாதி ஆயிருக்கே, நான் பார்த்தேனேம்மா."

"அது உங்க நைனா துன்னது."

"எதுக்கு நைனா மேல போடற?"

ஜாடியைக் காலி செய்துகொண்டிருந்தவனும் நான்தான். அதற்குக்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. நோயாளி உணவுக் கட்டுப்பாட்டை மீறுகிறார் என்று டாக்டர் கோப்பில் எழுதினார். அந்த வாரமே டயாலிசிஸ் தொடங்கியது. ஜெசி ஜாடியைத் துணியில் கட்டி சத்தியவேட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெப விண்ணப்பங்களைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் செயலர் அவற்றை வாசிப்பார். கிருபா வீடு திரும்பியபின் வந்த முதல் ஞாயிறு, ஜெசி ஊருக்குப் போகுமுன் போட்டிருந்த ஒரு சீட்டு அவள் கையெழுத்தில் இருந்தது. "நோயுற்ற எங்கள் தாயாருக்கு நாவை அடக்கும் பெலன் கிடைக்க." அதை மடித்துப் பையில் போட்டிருக்கலாம். வாசித்தேன். கிருபா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஊறுகாய விட்டுடுங்கக்கா, உங்களுக்காகத்தான் சொல்றோம்" என்றாள் ஒருத்தி. கிருபா தலையாட்டினாள். அன்றுமுதல் அவள் 'நான் துன்னல' என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

கடை பாட்டிலை நிறுத்திவிட்டேன். கசந்தாலும் நானே செய்தேன். சுவை மாறியதை அவள் கவனித்திருப்பாள். ஆனால் கேட்கவில்லை.

வாரம் இருமுறை ரயிலில் திருப்பதிக்குப் போய் வந்தோம். ஒருநாள் எதிர் இருக்கையில் ஒரு அம்மாள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். சிவப்பாக எண்ணெய் ஒழுகும் மாங்காய் ஊறுகாய். "கொஞ்சம் எடுத்துக்கோம்மா" என்று கிருபாவிடம் நீட்டினாள்.

"வாணாம்மா" என்றாள் கிருபா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தீங்க இல்ல? தொடல நான்."

வண்டி பாகாலா நிலையத்தில் நின்றிருந்தது. அங்கேயே சொன்னேன். கடை, லேபிள், மிளகு, குப்பைத்தொட்டி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் நடைமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பியபின் சொன்னாள்.

"டாக்டரு கேட்டாரு. ரெண்டு தரம் சொன்னேன். நீங்க பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தீங்க."

திருப்பதி நெருங்கும்போது மறுபடி சொன்னாள். "சீட்டை எங்க படிச்சீங்களோ அங்கயே போய் சொல்லுங்க."

முதலில் டாக்டரிடம் சொன்னேன். கோப்பில் பழைய வரிக்குக் கீழே தேதி போட்டு ஒரு வரி எழுதினார். மேலே இருந்ததை அடிக்கவில்லை. என்னால் எவ்வளவு காலம் போயிற்று என்று கேட்டேன்.

"எப்படியும் ஒருநாள் டயாலிசிஸ் வந்திருக்கும் சார். அது எத்தனை மாசம் முன்னாடி வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று சொன்னேன். "ஆமென்" என்றார்கள். ஒரு பெரியவர் வந்து கட்டிக்கொண்டு, இந்த வயதில் இப்படி ஒரு தாழ்மையா என்று கண்ணீர் விட்டார். வெளியே வரிசையாக வந்து என் கையைக் குலுக்கினார்கள். கிருபா வேப்பமர நிழலில் தனியாக நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "பொய் சொன்னப்பவும் நீங்கதான் நல்லவரு. நிஜம் சொன்னப்பவும் நீங்கதான் நல்லவரு. என்னாண்ட ஒருத்தரும் வந்து ஒரு வார்த்தை சொல்லல."

செயலர் பொறுப்பை விட்டேன். விஷயம் தெரிந்ததும் ஜெசி ஜாடியைத் திருப்பிக் கொண்டுவந்து, தாயின் மடியில் தலைவைத்து அழுதாள். கிருபா அவள் தலையைத் தடவிக்கொண்டே, "ஜாடியத் துன்னவரு கிட்டயே குடு" என்றாள். ஜெசி அதன்பிறகு என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

அதன்பின் பதினான்கு மாதம் கிருபா இருந்தாள். நாள்தோறும் அவள் கண் முன்னால்தான் டிரெஸ்ஸிங் செய்தேன். எலுமிச்சையை அவள் பார்க்கப் பிழிந்தேன், கடுகை அவள் பார்க்க அரைத்தேன். கை மெல்லப் பழகியது. பாட்டில் குலுக்கும் சத்தத்திலேயே பதம் தெரிந்தது. அவள் முதலில் விரல் நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைப்பாள். கண்ணை மூட மாட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பாள். பிறகு தலையசைத்துவிட்டுச் சாப்பிடுவாள்.

சில வாரத்தில் இந்தப் பழக்கம் போய்விடும் என்று நினைத்தேன். ஒருநாளும் போகவில்லை. கடைசி வாரம் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. நான்தான் விரலில் தொட்டு அவள் நாக்கில் வைத்தேன். அப்போதும் காத்திருந்தாள். அப்போதும் என்னைப் பார்த்தாள்.

இப்போது எனக்கு இரத்த அழுத்தம். எனக்கும் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மதியம் வெள்ளரிக்காயை நறுக்கிவிட்டு அதே ஜாம் பாட்டிலைக் குலுக்குகிறேன். ஒரு துளியை நாக்கில் வைக்கிறேன். என் நாக்கு என்னுடையது போல இல்லை. அது யாருக்கோ பதில் சொல்ல நிறுத்தி வைக்கப்பட்டது போல இருக்கிறது. எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாத அந்த மாதங்கள் எல்லாம் அந்த ஒரு துளி நேரத்துக்குள் நிற்கின்றன. எதிரில் அவளுடைய காலி நாற்காலி.

அங்கிருந்து அவள் தலையசைப்பு வந்தபிறகுதான் சாப்பிடத் தொடங்குகிறேன். சில நாள் அது வர வெகுநேரமாகிறது.