மச்சாள் கொரியாவில் ஆடிய ஒரே ஆட்டம்

மச்சாளின் பழைய கடவுச்சீட்டு என் அலுமாரியில் இருக்கிறது. தென்கொரியாவுக்குள் போன முத்திரை ஒன்று, திரும்பி வந்த முத்திரை ஒன்று. மற்றப் பக்கங்கள் எல்லாம் வெறுமை. படத்தில் அவளுக்குப் பதினேழு வயது. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை, யாரையோ அடிக்கப் போகிறவளைப் போன்ற முகம். அவள் என் மாமாவின் மகள். பாண்டிருப்பில் அடுத்தடுத்த வளவில் வளர்ந்தோம். பாடசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் அவள் முன்வரிசை, நான் வலது ஓரம். ஓரத்தால் பந்தைக் கொண்டுபோய் அவள் காலடியில் போடுவதுதான் என் வேலை. அவள் கோல் அடிப்பாள், எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள், நான் மூச்சிரைத்துக்கொண்டு ஒரு பக்கம் நிற்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்ததை ஒளிக்க விரும்பவில்லை. ஆனாலும் அவள் அடித்த கோல்களில் பாதி என்னுடையவை என்றே உள்ளூர நம்பியிருந்தேன்.

சுனாமியாகக் கடல் வந்த காலை நாங்கள் இருவரும் பெரிய வீதிக்கு மேற்கே, வயலோர மைதானத்தில் பயிற்சியில் நின்றோம். மாமா கல்முனைச் சந்தைக்குப் போயிருந்தார். கடற்கரை வீட்டில் மாமி மட்டும். பின்னேரம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். மாமி கிடைக்கவில்லை. அன்று முதல் மாமா மாமியின் படத்தைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, முகாம் முகாமாக அலைந்தார். அம்பாறையில் பேச்சு மூச்சில்லாமல் ஒரு பெண் கிடக்கிறாள் என்று யாராவது சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்.

அந்த நாட்களில்தான் நாங்கள் தங்கியிருந்த முகாமுக்கு மச்சாளின் பெயருக்குக் கடிதம் வந்தது. கடல் வருவதற்கு முன்பு கொழும்பில் நடந்த தெரிவில் அவளைப் பத்தொன்பது வயதுக்குட்பட்ட தேசிய அணிக்கு எடுத்திருந்தார்கள். அணி கொரியாவுக்குப் போகிறது, உடனே கடவுச்சீட்டு வேண்டும். பதினெட்டு ஆகாததால் தாய் தகப்பன் இருவரின் கையெழுத்தும் தேவை. தாய் இல்லையென்றால் மரணப் பத்திரம். அதற்கு மாமா கையெழுத்து வைக்க வேண்டும்.

கல்முனையில் அந்தப் படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானா. படிவத்தை மாமாவின் பக்கம் மெல்லத் தள்ளி, "என்ட மகள்ட மையத்தும் கிடைக்கல்லதான் அண்ணன். நானே எழுதி, நானே சீல் குத்தினன். மையத்தக் கண்டவங்க ஆராச்சும் இரிந்தா மனசுக்கு ஒரு ஆறுதல். எனக்கு அதுவும் இல்ல" என்றார். மாமா படிவத்தைத் தொடவே இல்லை. மகளின் பக்கம் திரும்பி, "நீ பந்தடிக்கிறதுக்கு உன்ட அம்மா சாக வேணுமா?" என்று கேட்டார். அவ்வளவு சனத்துக்கு நடுவில் கேட்டார். முகாமுக்கு வந்ததும் மச்சாள் பூட்ஸைக் கழற்றிப் பாயின் கீழே தள்ளிவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் நான் ஓடிய ஓட்டமெல்லாம் இந்தப் பாயின் கீழேதானா கிடக்கப் போகிறது? படிவம் கொடுக்கத் தந்த தவணையில் மூன்று நாள்தான் மிச்சம். மறுநாள் காலை மாமா எங்கேயோ புறப்பட்டு நின்றபோது அவர் முன்னால் போய் நின்றேன். மச்சாளும் அங்கேதான் இருந்தாள்.

"மாமா, மாமிய நான் கண்டனான். கடற்கரையில மற்றாக்களோட சேத்துத் தாட்டவங்க. மஞ்சள் சாறி, பச்சைக் கரை. சொல்லப் பயத்தில இரிந்தனான்."

பொய். நான் ஒரு உடலையும் காணவில்லை. அந்தப் பக்கம் போகவே எங்களை விடவில்லை. மாமியிடம் அப்படி ஒரு சாறி இருந்தது மட்டும் எனக்குத் தெரியும். மாமா பையைக் கீழே வைத்தார். "முகம் கண்டியா புள்ள?" என்றார். கண்டேன் என்றேன். "நோப்பட்ட முகமா?" இல்லை மாமா, நித்திரை கொள்கிற மாதிரி என்றேன். அப்போதுதான் அவர் முதன்முதலாக அழுதார். ஒரு பெரிய மனிதன் அப்படி அழுவதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மச்சாள் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா கையெழுத்து வைத்தார், மாமிக்குக் கிரியை செய்தார், தேடுவதை விட்டார். புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னார். கடற்கரையில் ஒரு தாழம் பற்றைக்குப் பக்கத்தில் மணலைக் காட்டினேன்.

மச்சாள் கொரியாவுக்குப் போய் வந்தாள். "குளிர். தோத்திட்டம்" என்றாள். அதன் பிறகு அவள் பந்தைத் தொடவே இல்லை. கொழும்பிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள், போகவில்லை. தாயை இழந்த துக்கம் என்று ஊர் பேசியது. எனக்கோ கோபம்தான் வந்தது. இவளுக்காக நான் எதைச் செய்தேன் என்று இவளுக்குத் தெரியுமா என்று மனதுக்குள் குமுறிக்கொண்டு திரிந்தேன்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. போர் முடிந்த கிழமை, கல்முனைப் பக்கம் வெடி கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினாள். அடியில் மாமியின் மஞ்சள் சாறி. பச்சைக் கரை. மடிப்புக் கலையவில்லை.

"லோண்டரியில கழுவக் குடுத்துக் கிடந்தது. கடல் வந்து அடுத்த கிழமை நான்தான் போய் எடுத்தனான். அப்பாட்டக் காட்டல்ல."

நான் சாறியைத் தொட்டுப் பார்த்தேன். "அப்ப நான் சொல்லக்குள்ளயே உனக்குத் தெரியுமா? ஏன்டி வாய் திறக்கல்ல?"

"திறந்திரிந்தா கொரியாவுக்குப் போயிரிக்க ஏலாது" என்றாள்.

பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றி முதல் தடவையாகக் கதைத்தாள். பந்து நடுக்கோட்டைத் தாண்டி இவள் பக்கம் வந்ததே அபூர்வமாம். எதிரணியில் இவளுடைய வயதில் ஒரு முன்வரிசைக்காரி கோல் மேல் கோல் அடித்தாளாம். ஆட்டம் முடிந்ததும் அவளுடைய தாய் கம்பளியோடு ஓடி வந்து மகளைப் போர்த்தினாளாம். அந்தப் பிள்ளை இவள் நடுங்குவதைக் கண்டு, தாயைக் கூப்பிட்டு இவளையும் போர்த்தச் சொன்னாளாம். "அந்த மனிசி என்னைக் கட்டிப் பிடிச்சா. நான் அம்மாவ வித்துப்போட்டு அங்க போய் நிக்கிறன்" என்றாள். அந்தக் கொரியாக்காரி பிறகும் பல வருடம் தன் நாட்டுக்கு ஆடினாள். தொலைக்காட்சியில் அவள் ஓடும்போது மச்சாள் எழுந்து வெளியே போய்விடுவாள். சாறியைக் காட்டிய அன்றே கடவுச்சீட்டையும் என் கையில் வைத்தாள். "நீ எடுத்துத் தந்தது. நீயே வச்சிரு."

மாமாவிடம் சொல்லிவிடுவோமா என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தி பின்வாங்கிவிடுவாள். வருடா வருடம் அவர் பூவோடு கடற்கரைக்குப் போகிறார், நாங்கள் இருவரும் கூடவே போகிறோம். போன தடவை திரும்பி வரும்போது, போரில் காணாமல் போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். மரணப் பத்திரம் வேண்டாம், பிள்ளையைத் தா என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். மாமா நின்று ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்துச் சொன்னார்:

"பாவம் புள்ள. இதுகளுக்குக் கண்டு சொல்ல உன்னைப்போல ஒருத்தி இல்ல."