ஒலிம்பிக்குக்கு முன் எடுத்த மீசை

ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் நீந்தியவன் என்று என்னை மேடையேற்றும்போதெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு ஞாபகம் வருவதோ ஒரு சவரக் கத்தி.

பெரிய போட்டிக்கு முன் நீச்சல்காரர்கள் உடம்பு முடியை மழித்துவிடுவார்கள். தண்ணீர் இழுக்காது, கண் சிமிட்டும் நேரமாவது மிச்சமாகும். கை, கால், மார்பு என்று நானும் வருஷக்கணக்கில் மழித்தவன்தான். தலையையும் மீசையையும் மட்டும் தொட்டதில்லை. ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் அதையும் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். தென்காசிக்காரனுக்கு அப்போது புத்தி எங்கே போயிற்றோ. தலையும் மீசையும் மழித்த மகனைப் பார்த்தால், அப்பா எப்போது தவறினார் என்றுதான் எங்கள் ஊரில் முதலில் கேட்பார்கள்.

என் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. போட்டிக்கு முந்தைய நாள், ஆசீர்வாதம் வாங்க வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்ததும் போனைக் கீழே போட்டுவிட்டாள். அப்பா எடுத்தார்.

“நான் இன்னும் சாகலியேலே,” என்றார்.

அவ்வளவுதான், வைத்துவிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

மறுநாள் முதல் சுற்றோடு வெளியேறினேன். ஆனால் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் நீந்தியதில்லை. பலகையில் என் நேரத்தைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. அப்பாவின் உயிரைப் பணயம் வைத்து வாங்கியதைப் போல அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கே அம்மா அழுதுகொண்டு பேசினாள். தொப்பியைக் கழற்றிய என் மொட்டையை டிவியில் பார்த்துவிட்டு, அச்சன்புதூர்ச் சொந்தக்காரர்கள் மாலையோடு வேன் பிடித்து வந்துவிட்டார்களாம். கதவைத் திறந்ததே அப்பாதானாம். அப்பாவிடம் கொடு என்றேன். அவர் பேச மாட்டேன் என்றுவிட்டார்.

ஊர் திரும்பியபோது தென்காசி ஸ்டேஷனில் மேளம், சால்வை எல்லாம் இருந்தது. அப்பா இல்லை. குற்றாலத்துக்குப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. கழுத்து மாலையோடே ஆட்டோ பிடித்தேன். மன்னிப்புக் கேட்பதா, சண்டை போடுவதா என்று வழியெல்லாம் குழப்பம்.

சாரல் நேரம், மெயின் அருவியில் நல்ல கூட்டம். அவரைத் தேடிக்கொண்டே அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். “ஏலே” என்ற குரல் கேட்டுத் திரும்பினால், மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, மீசையில்லாமல் அப்பா நிற்கிறார். யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

“கேக்குதவங்ககிட்டயெல்லாம், அப்பனும் மவனும் ஒண்ணா நேர்ந்துக்கிட்டு மொட்டை போட்டோம்னு சொல்லிட்டேன். நீயும் அப்படியே சொல்லு.”

நான் நீந்தியதைப் பார்த்தீர்களா என்று கேட்க நினைத்தேன். மீசையில்லாத அவருடைய மேலுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை.